லினக்ஸில் சிபியுக்களைப் பிரித்து ஒதுக்கும்போது எங்கே சிக்கியது?

பதிவு 1
இன்னும் உறுத்துவது இதுதான். சிகுரூப் (ப்ராசஸ்களைக் குழுவாக்கி வளம் ஒதுக்கும் கெர்னல் வசதி) வி2, 16 சிபியு. சிபியுசெட்டில், அதாவது குரூப்புக்கு எந்தெந்த சிபியு என்ற பட்டியலில், 4-7 எழுதியாயிற்று. அவற்றைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி பார்ட்டிஷன் ஃபைலில் ‘ரூட்’ என்று எக்கோ செய்து எழுதினால் பிழை எதுவும் வரவில்லை, ரிட்டர்ன் கோடு 0, அதாவது வெற்றி. ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதே ஃபைலை கேட் செய்து படித்தால் ‘ரூட் இன்வேலிட்’ என்று நிற்கிறது. பக்கத்து குரூப்பும் 6-ஐக் கேட்டிருந்ததுதான் காரணம். படித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால் யார் படிப்பார்கள்? எழுதும்போதே பிழை வர வேண்டும்.

பதிவு 2
அதை ஒப்புக்கொள்ள முடியாது. எழுதும்போது எல்லாம் சரியாக இருந்து, பிறகு 4-7 முழுவதும் ஆஃப்லைன் போனால் பிழையை யாரிடம் சொல்வது? எழுதிய ப்ராசஸ் எப்போதோ முடிந்திருக்கும். அதனால் நிலையை ஃபைலில் வைத்தே ஆக வேண்டும். பழைய வி1-இல் ஆஃப்லைன் போன சிபியு பட்டியலிலிருந்தே அழிந்துவிடும், திரும்ப ஆன்லைன் வந்தாலும் சேராது. வி2-இல் கேட்டது ஒரு ஃபைல், கையில் இருப்பது ‘எஃபெக்டிவ்’ என்ற இன்னொரு ஃபைல். பார்ட்டிஷன் ஃபைலில் ‘போல்’ (poll) அல்லது ஐநோட்டிஃபை (ஃபைல் மாறினால் அறிவிக்கும் வழிகள்) வைத்தால் நிலை மாறியதும் தெரிந்துவிடும்.

பதிவு 3
‘ரூட்’டுக்குப் பதில் எழுதக்கூடிய ‘ஐசலேட்டட்’ என்ற பார்ட்டிஷன் வகையின் பக்கம் யாரும் போகவில்லையா? 4-7 ஐசலேட்டட், உள்ளே ஒரு ப்ராசஸ், அது 4 த்ரெட் தொடங்குகிறது. எச்டாப்பில் (சிபியு பயன்பாட்டைக் காட்டும் கருவி) சிபியு 4 மட்டும் 100%, 5, 6, 7 மூன்றும் 0. நான்கு த்ரெட்டும் ஒரே சிபியுவில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த வகையில் லோடு பேலன்சிங் (வேலையை சிபியுக்களுக்குத் தானாகப் பகிர்வது) கிடையாது. ஒவ்வொரு த்ரெட்டையும் அஃபினிட்டி (எந்த சிபியுவில் ஓடலாம் என்ற கட்டுப்பாடு) போட்டுத் தனித்தனி சிபியுவில் கட்ட வேண்டும். பேலன்சிங் வேண்டுமென்றால் ‘ரூட்’ வகை.

பதிவு 4
4-7 என்று எல்லோரும் எழுதுவதைப் பார்த்ததும் பதறுகிறது. 8 கோர், 16 ஹார்டுவேர் த்ரெட் (ஒவ்வொன்றும் ஒரு சிபியு எண்) உள்ள மெஷின்கள் பலவற்றில் 4-இன் ஜோடி, அதாவது அதே கோரின் இன்னொரு த்ரெட், 12. 12 வெளியே இருந்தால் அங்கே ஓடும் வேலை அதே எல்1, எல்2 கேஷைத் தின்னும். காகிதத்தில் பிரித்தாயிற்று, கோர் பிரியவில்லை. முதலில் டோபாலஜி டைரக்டரியில் த்ரெட்_சிப்லிங்ஸ்_லிஸ்ட் ஃபைலைப் படித்து, 4-7,12-15 என்று சேர்த்துக் கேளுங்கள். 0-ஐயும் அதன் ஜோடியையும் சிஸ்டத்துக்கு விடுங்கள். பார்ட்டிஷன் எழுதியதும் திரும்பப் படியுங்கள், எஃபெக்டிவ் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பிறகே ப்ராசஸ்களை உள்ளே விடுங்கள். இன்டரப்டுகள் (சாதனங்கள் சிபியுவைக் கூப்பிடுவது) பார்ட்டிஷனோடு தானாக நகராது. ஒவ்வொரு ஐஆர்க்யூவின் (இன்டரப்டு எண்) அஃபினிட்டியையும் தனியாக மாற்ற வேண்டும். அந்தந்த சிபியுவுக்கே உரிய கெர்னல் த்ரெட்கள் அங்கேயேதான் இருக்கும், அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். டெட்லைன் ஷெட்யூலிங் (கெடுவுக்குள் வேலையை முடிக்கும் வகை) என்றால் டாஸ்க்செட்டால் (அஃபினிட்டியை மாற்றும் கட்டளை) வட்டத்தைச் சுருக்கப் பார்த்தால் பிழைதான் வரும். அதற்கு ரூட் பார்ட்டிஷனே வழி.

பதிவு 5
வி1-இல் மெம்ஸ் ஃபைலை (எந்தெந்த மெமரி நோடு என்ற பட்டியல்) நிரப்பாமல் டாஸ்க்கைச் சேர்த்தால் ‘டிவைஸில் இடமில்லை’ என்று வரும். டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) போட்டால் டிஸ்க் காலியாகக் கிடக்கும். பிழை எண்ணைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆளை வேறு திசைக்கே அனுப்பிவிடும். அதற்கு, காரணத்தை வார்த்தையில் எழுதி நிற்கும் ‘இன்வேலிட்’ எவ்வளவோ மேல்.

பதிவு 1 மீண்டும்
ஹாட்பிளக் (சிபியு ஆஃப்லைன் போய் வருவது) விஷயம் சரி, நிலை ஃபைலில் இருக்கட்டும். ஆனால் 6 இரண்டு குரூப்பில் இருப்பது எழுதும் நொடியிலேயே கெர்னலுக்குத் தெரியும். தெரிந்த தவறுக்கும் 0 ஏன்?