கொய்யா ஜெல்லி: உறைந்ததா, உறையவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசேரிக்காரி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கனகமூலம் சந்தை. மணம் தூக்கும் பழங்களாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். விற்ற அம்மா, “தின்னவா, ஜெல்லி வைக்கவா?” என்று கேட்டார். ஜெல்லிக்கு என்றேன். நான் எடுத்ததில் பாதிக்கு மேல் திரும்பக் கூடைக்குள் போட்டுவிட்டார்! “இதில் பசை செத்துப்போயிருக்கும் மக்களே. நிறம் மாறத் தொடங்கிய காயை எடு. மணத்துக்கு நாலில் ஒன்று பழம் போதும்.” ஒரு காயை நகத்தால் கீறி, அந்தத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். துவர்ப்பில் வாய் இழுத்துக்கொண்டது. “இந்த இழுப்புதான் உனக்கு வேண்டும்.”

அந்தத் தடவை ஜெல்லியைக் கத்தியால் கீறினால் கீறிய கோடு அப்படியே நின்றது. அது இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. “உங்கள் வீட்டிலும் வைப்பீர்களா?” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “ஒரு பங்களாவில் வருடக்கணக்காகக் கொய்யா நறுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஜெல்லி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.” பிறகு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் வேறொருவர் கீரை விற்றுக்கொண்டிருந்தார்.

தக்கலை மருமகள்

எங்கள் வீட்டில் ஜெல்லியால் சண்டையே நடந்தது. மாமியாரின் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோரும் கூடியிருந்த நாளில் அடுப்படிக்குள் வந்தார். துணியில் வடிந்துகொண்டிருந்த கொய்யாச் சாற்றில் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து டம்ளரில் விட்டார். கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து அதே அளவு ஊற்றினார். டம்ளரை மெல்லச் சாய்த்து, ஒரு நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பசை போதுமான அளவு இருந்தால் சாறு ஒரே கட்டியாகத் திரண்டிருக்க வேண்டுமாம். எங்கள் டம்ளரில் நூல்நூலாக நாலைந்து இழைகள் மிதந்தன, அவ்வளவுதான். “இது உறையாது. இன்னும் வற்றவைத்துவிட்டுச் சர்க்கரையைப் போடு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. வற்றவைக்கவும் இல்லை. தங்கையின் கைப்பக்குவத்தை ஊரறியக் குறை சொன்னால் எப்படிப் பொறுப்பார்? சர்க்கரையை அப்படியே கொட்டினார். மறுநாள் பாட்டிலைக் கவிழ்த்தால் பாகு ஓடியது. தண்ணீர் கலந்து சர்பத் என்று எல்லோருக்கும் கொடுத்தார். சர்பத் நன்றாகவே இருந்தது. ஸ்பிரிட்டின் வாடை பட்டுத்தான் பானையே கெட்டது என்று இன்றும் சொல்கிறார். அந்த நர்ஸ் பெரியம்மை பக்கம்தான் நியாயம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கருங்கல் மாஸ்டர்

மேலே எழுதிய சகோதரிக்கு: சோதித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தீர்களா? மருந்துக்கடை ஸ்பிரிட் குடிப்பதற்கானது இல்லை. அந்தக் கலவையை நாக்கிலும் வைக்கக் கூடாது, பானையிலும் ஊற்றக் கூடாது. குழந்தைகள் இருக்கிற அடுப்படியில் அது எதற்கு? நூறு நூற்றைம்பது டிகிரி காட்டும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று போதுமே.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். கொய்யாவை நறுக்கி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, குழையும்வரை வேகவிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் ஜெல்லி கலங்கும். ஒரு லிட்டர் சாற்றுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு மூன்று எலுமிச்சை. கொய்யாவில் ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின் என்ற பசை உண்டு, புளிப்புப் போதாது. புளிப்பு இல்லாவிட்டால் பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பிடிக்காது. வாயகன்ற பாத்திரத்தில், ஒரு தடவைக்குக் கொஞ்சம் சாறு மட்டும் விட்டு, தீயைக் கூட்டி வைத்துச் சீக்கிரம் காய்ச்ச வேண்டும். அதிக நேரம் கொதித்தால் பெக்டினே சிதைந்துவிடும். நம் ஊரில் 104, 105 டிகிரி வந்ததும் இறக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் இரண்டு சொட்டுகள் தனித்தனியாக விழாமல் ஒன்றாகச் சேர்ந்து ஏடாக வழிந்தால் பதம். கொதி வந்ததும் நுரையை எடுக்க மறக்கக் கூடாது.

என் கதை சிறியது. கொடைக்கானலில் இருக்கும் என் மைத்துனன், நான் எழுதிக் கொடுத்த 105 டிகிரியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். அங்கே தண்ணீரே 93 டிகிரி அளவில் கொதித்துவிடும். அதற்குமேல் நாலைந்து டிகிரி ஏறினாலே பதம் வந்துவிடும். அவன் 105-க்காகக் காத்திருந்தான். போனில், “அத்தான், கரண்டி பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இப்போதுதான் 102” என்றான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

குலசேகரம் ரப்பர்

மாஸ்டர், கொய்யாவுக்குச் சொன்னதெல்லாம் சரி. எங்கள் பக்கம் இளம் ரப்பருக்கு நடுவே அன்னாசிதான். அதில் பெக்டின் குறைவு. வடிகட்டிய சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் பாகுதான் வரும்.

மைனி பிறந்தநாள் விருந்துக்கு ஜெலட்டின் கரைத்து, பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். காலையில் எடுத்தால் நேற்று ஊற்றிய தண்ணீர் அப்படியே கிடக்கிறது. பொடி போலி என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். பந்திக்கு வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பாயசத்தைக் குடித்துக்கொண்டே, “அத்தை, துண்டுகளை ஒரு கொதி விட்டுப் போட்டிருந்தால் உறைந்திருக்கும். அன்னாசியில் புரதத்தை வெட்டுகிற நொதி இருக்கிறது. ஜெலட்டின் புரதம்தானே?” என்றாள். மைனி அவளுக்கு இன்னொரு டம்ளர் பாயசம் ஊற்றினார், முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சைனா கிராஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அது கடற்பாசியிலிருந்து எடுப்பது, புரதம் இல்லை.

கருங்கல் மாஸ்டர்

சைனா கிராஸில் உறையவைத்ததை ஜெல்லி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வாயில் கரையாது, உடையும்.

குலசேகரம் ரப்பர்

உங்கள் மைத்துனன் வைத்தது மட்டும் கரைந்ததா?

மணவாளக்குறிச்சி

சண்டையை விடுங்கள். கருப்பட்டியில் யாராவது வைத்திருக்கிறீர்களா? சர்க்கரை வியாதி இருக்கும் மாமாவுக்காக அத்தை முயன்றார். கன்னங்கரேலென்று ஒரு குழம்பு கிடைத்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, “கஷாயமா? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேட்டார். அத்தை இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

தக்கலை மருமகள்

சர்க்கரை வியாதிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், முதலில் அதை மாமாவிடம் சொல்லுங்கள். உறையாததற்குப் பெரியம்மை சொல்லும் காரணம்: பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அதில் மிச்சம் கருப்பட்டியில் தங்கினால் எலுமிச்சையின் புளிப்பை அடித்துவிடும். கருப்பட்டியின் அளவைக் குறைத்துப் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். ஜெல்லியில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துவைத்துப் பசையைச் சேரவிடுவதே அதுதான்.

மாமியார் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பேச்சிப்பாறை

எல்லோரும் கொய்யாவிலேயே நிற்கிறீர்கள். நாங்கள் சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டினால் சுளையை எடுத்துவிட்டு நாரையும் தோலையும் ஆட்டுக்குப் போடுவோம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த அக்கா ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அதை எனக்குத் தருவீர்களா?” என்று கேட்டார். அம்மாவுக்குச் சங்கடம். எச்சில் பண்டம் கொடுத்தோம் என்று ஊர் பேசுமே! சுளையை ஒரு தட்டு நிறைய நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு, நாரும் வேண்டும் என்று அங்கேயே நின்றார்.

மறுநாள் ஒரு பாட்டில் வந்தது. பொன்னிறம், அப்பால் இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிவு. முள்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்பக்கத் தோலையும் நாரையும் வேகவைத்து வடித்தாராம். பசை முழுக்க அங்கேதான் இருக்கிறது என்றார். அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, என்னைப் பார்த்து, மறுபடி ஒரு கரண்டி எடுத்தார். அந்தப் பாட்டில் எங்கள் கைக்கு வரவே இல்லை.

சக்கையில் புளிப்பே கிடையாது, எலுமிச்சை நிறைய விட்டிருப்பார். எவ்வளவு என்று கேட்பதற்குள் வீடு மாறிப் போய்விட்டார்கள். அடுத்த சக்கைக் காலத்துக்குள் யாராவது அளவு சொன்னால் நல்லது.