ஸ்கூல் மெர்ஜர், ஆள் கட்டிங்னு வந்தப்ப டீச்சருங்க சங்கம் உங்க பக்கத்துல நின்னுச்சா? அனுபவம் இருந்தா எழுதுங்க

சாக்பீஸ்தூள்

2017 ஏப்ரல்ல இங்க சிங்கப்பூர்ல ஒண்ணோட ஒண்ணு சேர்க்கப்போற 28 ஸ்கூல் லிஸ்ட் வந்துச்சே, அதுல எங்க ஸ்கூலும் இருந்துச்சு, பேர் வேணாம். பிள்ளைங்க எண்ணிக்கை குறையுது, 28ஐ 14 ஆக்குறோம், 2019ல புது ஸ்கூலா திறக்கும், யாருக்கும் வேலை போகாதுன்னு சொன்னாங்க. மத்த டீச்சருங்க ஓகேன்னு இருந்தாங்க. ஆனா தமிழ் டீச்சர் கதை உங்களுக்கே தெரியும், சின்ன ஸ்கூல்னா ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேரு. ரெண்டு ஸ்கூல் சேர்ந்தா யாரோ ஒருத்தர் கெளம்பணும்.

எங்களோட சேர இருந்த ஸ்கூலோட தமிழ் டீச்சர நான் மொதல்ல பார்த்தது எங்க கேன்டீன்ல. என்னைவிட மூத்தவங்க, அக்கான்னுதான் கூப்பிட்டேன். கதைப்புத்தகம் மூணு பெட்டி கொண்டுவந்திருந்தாங்க, எல்லாம் சொந்தக் காசுல வாங்கினது, ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டு வச்சிருந்தாங்க. தே-ஓ (பால் இல்லாத டீ) குடிச்சிக்கிட்டே "நீ இரும்மா, உனக்கு சின்ன பிள்ளைங்க, நான் வேற எடம் கேட்டுக்குறேன்"ன்னாங்க. நான் வேணாங்க்கான்னு ஒரு வார்த்த சொல்லல. தலைய ஆட்டிட்டு கப்பைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அவங்க அம்மா டயாலிசிஸ்ல இருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு, அதுவும் சங்கத்து அண்ணன் ஒருத்தர் வந்து ரெண்டு பேரையும் தனித்தனியா உட்கார வச்சு, வீடு எங்க, எத்தன பஸ் மாறணும், வீட்ல யார பார்த்துக்கணும்னு கேட்டு எழுதினப்பதான். அக்காவுக்கு வீட்டுக்குப் பக்கத்துலயே ஸ்கூல் கெடச்சுச்சு. அது சங்கத்தாலயா இல்லயான்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்தக் கேள்விய வேற யாரும் கேக்கல.

சாரல்மழ

நான் இங்க வந்து 11 வருஷம் ஆச்சு. எங்க அம்மா ஊர்ல கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர், தென்காசி பக்கம், அப்ப அது திருநெல்வேலி மாவட்டம். தமிழ்நாட்டுல அரசு ஊழியருங்களும் டீச்சருங்களும் பண்ணுன 2003 ஜூலை ஸ்ட்ரைக் ஞாபகம் இருக்கறவங்களுக்கு விளக்க வேணாம். பென்ஷன்ல கை வச்சாங்க, கஜானா காலின்னாங்க, ஜூலை 2 ஸ்ட்ரைக் ஆரம்பிச்சிச்சு, ஸ்ட்ரைக்கத் தடுக்கற எஸ்மா சட்டம் பாஞ்சிச்சு, ரெண்டு மூணு நாள்ல லட்சத்துக்கு மேல ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

எங்க வீட்டுக்கு ஸ்கூல் சாவி கேட்டு ஆபீஸ்ல இருந்து ஒருத்தரும் போலீஸ்காரர் ஒருத்தரும் வந்தாங்க. நான் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். அம்மா முந்தானையில முடிஞ்சி வச்சிருந்த சாவிய எடுத்துக் குடுத்துட்டு, அவங்க தெரு முக்கு போனதும் பின்னாடியே ஓடிப்போய் "சார், மூணாங்கிளாஸ் ஓடு ஒழுகும், சத்துணவு அரிசி மூட்டைய இந்தப் பக்கம் நகட்டி வச்சிருங்க"ன்னு கத்தினாங்க. வேல போயிருச்சு, அரிசி நனையக்கூடாதுன்னு ஓடுறாங்க. ஜூலை மாசம்னா எங்க ஊர்ல சாரல் விடாது.

ஆகஸ்ட் 6 சுப்ரீம் கோர்ட்ல, ஸ்ட்ரைக் பண்ண உரிமையே கிடையாதுன்னுட்டாங்க. மன்னிப்பு எழுதிக் குடுத்தா திரும்ப எடுப்போம்னாங்க, அம்மாவும் எழுதிக் குடுத்தாங்க. அந்தக் கடுதாசிய எழுதி முடிச்சப்புறம் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

மரீன்பரேட்அப்பா

@சாரல்மழ உங்கம்மா மேல மரியாதை இருக்கு தம்பி, ஆனா ஸ்ட்ரைக் நாள்ல கிளாஸ்ல யாரு இருந்தா? பிள்ளைங்கதான சும்மா உட்கார்ந்திருந்துச்சு. இங்க ரோட்டுல எறங்காமலே பேசி முடிக்கறாங்க. எம் மகன் ஸ்கூல்லயும் தமிழ் இல்ல, ஸ்கூல் முடிஞ்சு தமிழ் சொல்லித்தர்ற சென்டருக்குப் போவான், அங்க டீச்சர் மாறினப்ப கேட்டான், "அப்பா அவங்க எங்க போனாங்க"ன்னு. பதில் சொல்லத் தெரியல. அவ்வளவுதான் என் அனுபவம்.

இப்ப டீச்சருங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பிரச்சன வந்தப்புறம் சங்கத்துல சேராதீங்க, மொதல் வருஷமே சேருங்க. பிரின்சிபல் கூட வாயால பேசினத அன்னிக்கே ஈமெயில்ல எழுதி அனுப்புங்க, "நாம பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு. வீட்ல நோயாளி இருந்தா டாக்டர் லெட்டர் வாங்கி ஃபைல்ல வைங்க. போஸ்டிங் கேக்கும்போது ஒரே ஸ்கூல் பேர எழுதாதீங்க, மூணு எழுதுங்க, எம்.ஆர்.டி. ரயில் லைன் பார்த்து எழுதுங்க. பிள்ளைங்கள மார்க் பார்த்துத் தனித்தனிப் பிரிவாப் பிரிக்கற ஸ்ட்ரீமிங் போய், 2024ல இருந்து பாடத்துக்குப் பாடம் ஜி1 ஜி2 ஜி3ன்னு நிலை வந்தப்ப டைம்டேபிள் எப்படி கலைஞ்சிச்சுன்னு பார்த்தீங்கல்ல, அடுத்த மாத்தம் வரும்போதும் அப்படித்தான், முன்னாடியே கேட்டு வச்சுக்கணும். கூட வேல பார்க்குற டீச்சர் நம்பர் உங்க போன்ல இருக்கணும், ஸ்கூல் குரூப்ல இருந்து எடுத்துட்டா அப்புறம் தேட முடியாது.

சாரல்மழ

அண்ணே, நான் அட்வைஸ் கேக்கல. பேசிப் பேசிப் பார்த்துட்டுதான் எறங்கினாங்க. ஊர்ல 2019 ஜனவரியில 22ல இருந்து 30 வரைக்கும் மறுபடி எறங்கினாங்களே, பழைய பென்ஷன் குடு, ஸ்கூல இணைக்காதன்னு. கிராமத்துல ஸ்கூல இணைச்சா அஞ்சு வயசுப் பிள்ள ரோட்டக் கடந்து அடுத்த ஊருக்கு நடக்கணும், இங்க மாதிரி புளோக்குக்குக் கீழ பஸ் ஸ்டாப் இருக்காது.

மேக்ஸ்வெல்ரோடு62

ரெண்டு பேரும் சண்ட போடாதீங்கப்பா. நான் இங்க சிங்கப்பூர்ல இருந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில படிச்சவன். கடையநல்லூர்க்காரங்க 1946ல ஆரம்பிச்ச பள்ளி, தம்பி ஊருக்குப் பக்கம்தான். தமிழ்லயே உயர்நிலை வரைக்கும் படிக்கலாம்னு இருந்த பள்ளி, பிள்ளைங்க சேராம சேராம 1982ல மூடுனாங்க. இங்க தமிழாசிரியர் சங்கம் 1951லயே வந்தாச்சு, ஆனா பெத்தவங்களே ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினா சங்கம் யார்கிட்ட போய்ப் பேசும்?

எங்க ரசாயன ஆசிரியர் ஞாபகம் வருது. பிராணவாயு, கரியமிலவாயுன்னு அழுத்திச் சொல்லுவாரு. மூடினப்புறம் செராங்கூன் ரோட்டுல பார்த்தேன், இப்ப எங்க சார்னு கேட்டேன். ஆங்கிலப் பள்ளியில தமிழ்ப் பாடம் எடுக்கறேன்னாரு. ரசாயனம் சார்னு கேட்டேன். கையில இருந்த காய்கறிப் பைய இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டு "அதுக்கு இப்ப வேற ஆளுங்க இருக்காங்கப்பா"ன்னாரு. சம்பளம் போகல, வேல போகல. நாப்பது வருஷமாச்சு, அந்தப் பை கை மாறினது கண்ணு முன்னாடியே நிக்குது.

சாக்பீஸ்தூள்

ஐயா எழுதினத படிச்சிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேல போகாதுன்னு சொன்னா எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல.

மரீன்பரேட் அண்ணே, நம்பர் இருக்கு. அந்த மூணு பெட்டியும் என் கிளாஸ்லதான் இருக்கு, நீயே வச்சுக்கோம்மான்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. போன வாரம் பி2 (ரெண்டாங்கிளாஸ்) பையன் ஒருத்தன் ஒரு புக்க எடுத்துட்டு வந்து, உள்ளட்டையில இருந்த பேர எழுத்துக்கூட்டிப் படிச்சு, இது யாரு டீச்சர்னு கேட்டான்.