ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் நேராகச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போய்விடலாமா?

எண்ணூர்ப் பையன்:
போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. 108 வந்துவிட்டது, ஆனால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டில் சைரன் அலறுகிறதே தவிர வண்டி நகரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இறக்கினோம். அப்பா சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரில் கிடக்க, முதலில் கவுன்டரில் பணம் கட்டிவிட்டு வாருங்கள் என்கிறார்கள். இப்போது தேறிவிட்டார். அடுத்த தடவை என்ன செய்வது?

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி, அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் கவுன்டரில் நின்று யார் சட்டம் பேசுவது, அது வேறு கதை. ஸ்டான்லியில் கூட்டம் இருக்கும்தான். ஆனால் அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தை வைத்துப் பிரிப்பார்கள்.

வியாசர்பாடி:
அக்கா சொல்வது சரி. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை 108-ல் ஏறியதுமே சொல்லிவிடுங்கள், மாத்திரை அட்டையும் பழைய ஈசிஜியும் கையில் இருக்கட்டும். வாயுப் பிடிப்பு என்று சோடா கொடுத்து உட்காரவைக்காதீர்கள். எங்கள் மாமாவுக்கு அப்படித்தான் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தோம்.

எண்ணூர்ப் பையன்:
நாங்களும் முதலில் சோடாதான் கொடுத்தோம் அண்ணே.