மூச்சா, தசையா? நாள்பட்ட நோயாளிக்கு முதலில் எந்தப் பயிற்சி?

நெடுவழி:

எங்கள் ஓட்டக் குழுவுக்கு இதய நோய், சர்க்கரை, நுரையீரல் அடைப்பு என்று ஏதாவது ஒன்றோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போகிற இடத்தில் எல்லாம் அவர்களிடம் "முதலில் வெயிட் தூக்குங்கள், தசை போனால் எல்லாம் போச்சு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாள்பட்ட நோய் உள்ளவருக்கு அடித்தளம் தாங்குதிறன்தான். நடை, மெல்லோட்டம், சைக்கிள், நீச்சல், எதுவானாலும் சரி. அதில் மூச்சும் இதயமும் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் பளு.

1966-இல் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து சோதித்தார்கள். அவர்களின் வி.ஓ.2 மேக்ஸ் (உச்ச உழைப்பில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) கால் பங்குக்கு மேல் விழுந்தது. 30 வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். 30 வருட முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம். நோயாளிக்கு முதலில் கைவிட்டுப் போவது இதுதான் என்றால், முதலில் மீட்க வேண்டியதும் இதுதானே?

இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வில் பளு மட்டும் தூக்கியவர்களின் வலிமை பத்து வாரமும் ஏறிக்கொண்டே போனது. அதனோடு ஓட்டமும் சைக்கிளும் செய்தவர்களுக்கு ஏழாவது வாரத்தோடு ஏற்றம் நின்றது, கடைசி இரண்டு வாரம் இறங்கியே விட்டது. நல்ல உடம்புக்காரர்களுக்கே இந்த நிலை. கொஞ்சமே தெம்பு மிச்சம் உள்ள நோயாளியிடம் இரண்டையும் ஏன் கேட்கிறோம்?

இயன்முறைக்காரி:

நெடுவழி சார், நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஹிக்சன் ஆய்வு உங்கள் வாதத்துக்குத் துணை நிற்காது. அதில் அடிபட்டது வலிமை மட்டும். தாங்குதிறன் கொஞ்சமும் குறையவில்லை, வி.ஓ.2 மேக்ஸ் இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறியது. அதோடு, அவர்கள் செய்த அளவையும் பாருங்கள்: வாரத்தில் ஐந்து நாள் கடும் பளு, ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும். எந்த நோயாளியிடம் அதைக் கேட்கிறோம்?

அதே ஹிக்சன் 1988-இல், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த தாங்குதிறன் வீரர்களுக்குக் கனமான கால் பயிற்சியைப் பத்து வாரம் சேர்த்துக் கொடுத்தார். உச்சத் திறனின் 80 சதவீதத்தில் சைக்கிள் மிதித்துக் களைக்கும் நேரம் 71 நிமிடத்திலிருந்து 85 நிமிடம் ஆனது. வி.ஓ.2 மேக்ஸ் மாறவில்லை. தசை வலுத்தால் அதே மூச்சில் அதிகம் செய்ய முடிகிறது.

என் நோயாளிகளுக்கு நடப்பதும் இதுதான். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) உள்ளவரை சைக்கிளில் உட்கார வைத்து, நிறுத்தியதும் "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால், "மூச்சு முட்டியது" என்பதுபோலவே "கால் ஓய்ந்துவிட்டது" என்பதும் அடிக்கடி வரும் பதில். தொடைத் தசை வற்றியிருக்கும். வற்றிய தசை சீக்கிரமே லாக்டிக் அமிலத்தைத் தள்ளும், அதைச் சமாளிக்க இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டியிருக்கும். வேகமாக மூச்சுவிட்டால் அடைப்புள்ள நுரையீரலில் முழுதாக வெளியேறாத காற்று தேங்கும், அடுத்த மூச்சுக்கு இடம் இருக்காது. அந்தத் திணறலுக்குப் பயந்து அவர் அடுத்த நாள் நடக்கவே மாட்டார்.

எட்டு முறை காலை நீட்டி மடக்கி ஒரு நிமிடம் ஓய்வு எடுக்கும் பயிற்சியில் இந்த அளவுக்குத் திணறல் வராது. ஒரு நேரத்தில் சிறு தசைப்பகுதிதான் வேலை செய்கிறது. நடக்க முடியாதவருக்கு நடையை மருந்தாகக் கொடுப்பதைவிட, நடக்கும் காலை முதலில் உருவாக்குவது நியாயம் இல்லையா?

நெடுவழி:

நுரையீரலுக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம் மேடம். இதயத்துக்கு? மெக்டூகல் குழு 1985-இல் லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்கிறவர்களின் தமனிக்குள்ளேயே ரத்த அழுத்தத்தை அளந்தது. சராசரி 320/250, ஒருவருக்கு 480-ஐத் தாண்டியது. இதயத் தசை பலவீனமானவரை அங்கே எப்படி உட்கார வைப்பது?

இதயச் செயலிழப்பில் பெரிய ஆய்வு என்றால் அதுவும் ஏரோபிக் (தாங்குதிறன்) பயிற்சியில்தான் இருக்கிறது. 2009-இல் வெளியான எச்.எஃப்.-ஆக்‌ஷனில் 2,331 பேர். அதற்கு நிகரான ஒன்றைப் பளுவுக்குக் காட்டுங்கள். அப்புறம் விஸ்லாஃப் குழுவின் 2007 ஆய்வு: சராசரி வயது 75, இதயச் செயலிழப்பு உள்ள 27 பேர். அவர்களில் நான்கு நிமிட இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி) செய்த குழுவுக்குப் பன்னிரண்டு வாரத்தில் உச்ச ஆக்சிஜன் 46 சதவீதம் ஏறியது, மிதமாகத் தொடர்ந்து நடந்த குழுவுக்கு 14 சதவீதம். முதியவர் இவ்வளவு செய்ய முடியும் எனும்போது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டச் சொல்வது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

தோள்கொடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து கை வீக்கத்தோடு இருக்கிறேன். "அந்தக் கையால் கனமான பை கூடத் தூக்காதே" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள், நானும் தூக்கவில்லை. தோள் இறுகி, தலைக்கு மேல் கை போகாமல் ஆனதுதான் மிச்சம். 2009-இல் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வைப் பிறகுதான் படித்தேன். இறுக்க உறை அணிந்து, மிகச் சிறிய எடையில் தொடங்கி, பயிற்சியாளர் கண்காணிப்பில் ஒரு வருடம் பளு தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகும் தருணங்கள் குறைந்திருந்தன.

பளு பிறகு, பிறகு என்று தள்ளிப்போட்டால் நடுவில் போகிற வருடங்களை யார் தருவார்கள் என்றுதான் நெடுவழி அண்ணாவிடம் கேட்கத் தோன்றுகிறது.

இயன்முறைக்காரி:

தோள்கொடு சொன்னதை எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

மெக்டூகல் அளந்தது ஆணழகர்களை. தூக்கக்கூடிய உச்ச எடைக்குப் பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இனி முடியாது என்கிற வரை தள்ளியவர்கள் அவர்கள். நாங்கள் இதய நோயாளிக்குக் கொடுப்பது உச்சத்தில் பாதி எடை அல்லது அதற்கும் கீழே. தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்வோம். இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்ற இடத்திலேயே நிறுத்தச் சொல்வோம். அடங்காத நெஞ்சுவலி, அறிகுறியோடு கூடிய கடுமையான பெருந்தமனி வால்வு சுருக்கம், சர்க்கரையால் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்த நிலை, இவர்களுக்கு நான் பளுவைத் தொடமாட்டேன். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு உங்கள் ஓட்டமும் ஆகாது சார்.

எச்.எஃப்.-ஆக்‌ஷனைப் பெரிது என்றீர்கள். இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த அதன் முதன்மைக் கணக்கில் குறைவு சிறியது. நோயின் தீவிரத்தை எல்லாம் கணக்கில் கொண்டு சரிசெய்த பிறகுதான் அது, தற்செயல் இல்லை என்று சொல்லும் புள்ளியியல் எல்லையைத் தொட்டது. பயிற்சி பாதுகாப்பானது, வாழ்க்கைத்தரம் கொஞ்சம் உயரும் என்பது உறுதியானது, அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் அதை வைத்துப் பளுவை ஒதுக்க முடியாது.

விஸ்லாஃப் ஆய்வில் இன்டர்வல் செய்தது அந்த 27 பேரில் ஒரு பங்கினர் மட்டுமே. அதே கேள்வியை 261 பேரோடு கேட்ட ஸ்மார்ட்டெக்ஸ் ஆய்வு 2017-இல் வந்தது. இன்டர்வல் மிதப் பயிற்சியைவிட மேல் என்று அதில் வரவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இன்டர்வல் குழுவில் பாதிப்பேர் சொன்ன தீவிரத்தை எட்டவே இல்லை, மிதமாகச் செய்யச் சொன்னவர்களில் ஐந்தில் நால்வர் சொன்னதைவிட அதிகமாகச் செய்துவிட்டார்கள். தாளில் எழுதிய தீவிரமும் நோயாளி செய்யும் தீவிரமும் வேறு வேறு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியில் இந்த இடைவெளி குறைவு. எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணிவிடலாம்.

மிதிவண்டித் தம்பி:

எனக்கு டைப் 1 சர்க்கரை. போட்டிகளுக்குச் சைக்கிள் ஓட்டுகிறேன், வீரனும் நோயாளியும் ஒரே ஆள். 1997-இல் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டீவ் ரெட்கிரேவ் இன்சுலின் எடுத்துக்கொண்டே 2000 சிட்னி ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் ஐந்தாவது தங்கம் வாங்கினார். அதனால் நோய் வந்தால் பயிற்சியின் விதியே மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. வரிசை மட்டும் மாறும்.

நீங்கள் இருவரும் "முதலில் எது" என்பதை மாதக்கணக்கில் பேசுகிறீர்கள். எனக்கு அது ஒரே மாலைக்குள் வருகிற கேள்வி. முதலில் சைக்கிள் என்றால் என் சர்க்கரை சரசரவென இறங்கும். முதலில் பளு என்றால் அட்ரினலின் வகையறா ஏறிச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு ஓட்டும்போது இறக்கம் மெதுவாகிறது. யார்ட்லி குழு 2012-இல் டைப் 1 உள்ளவர்களிடம் இதையே காட்டியது. எனவே எனக்குப் பளு முதலில். சாகசத்துக்காக இல்லை, நடுவழியில் கைநடுங்கி விழாமல் இருக்க.

டைப் 2 உள்ளவர்களுக்கு 2010-இல் வந்த ஹார்ட்-டி ஆய்வு: 262 பேர், ஒன்பது மாதம், ஏறக்குறைய ஒரே நேரச் செலவு. ஏரோபிக் மட்டும் செய்தவர்களுக்கும் பளு மட்டும் செய்தவர்களுக்கும் எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) குறிப்பிடும்படி குறையவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் குறைந்தது. ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்ற பயம் இங்கே எங்கே நிற்கிறது அண்ணா?

மெல்லநட:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். எழுதுவதற்கே எனக்குத் தெம்பைச் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது, அதனால் ஒரே தடவையில் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறீர்கள்: நோயாளி செய்யச் செய்ய முன்னேறுவார், சண்டை எதைச் செய்வது என்பதில் மட்டும். எனக்கு எம்.ஈ./சி.எஃப்.எஸ். என்கிற நாள்பட்ட கடும் களைப்பு நோய். தாங்கும் அளவைத் தாண்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாகச் சாய்கிறது. தசை வலி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். வெளிச்சம் தாங்காது, வார்த்தை வராது, தூங்கினாலும் தூங்கியதாக இருக்காது. "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்" என்று சொன்ன பயிற்சியாளரை நம்பிக் கூட்டினேன். முன்பு ஏறிய படிகள் இப்போது எனக்கு இல்லை.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் தன் வழிகாட்டுதலிலிருந்து இந்தப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை எடுத்துவிட்டது. கோவிட்டுக்குப் பிறகு நீடிக்கும் களைப்பில் உள்ளவர்களிலும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். மூச்சு, தசை இரண்டுக்கும் முன்னால் "செய்த மறுநாள் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். உங்கள் யாருடைய திட்டத்திலும் அந்தக் கேள்வியை நான் பார்க்கவில்லை.

நெடுவழி:

மெல்லநட, உங்கள் வலியை நான் மறுக்கவே இல்லை. ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இதயச் செயலிழப்பு உள்ளவர்களைப் பல பத்தாண்டுகளாக "அசையாதீர்கள், ஓய்வெடுங்கள்" என்றுதான் வைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு சொன்ன ஓய்வு பலரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. களைப்பு என்று சொல்கிற ஒவ்வொருவரையும் ஓய்வுக்கு அனுப்பினால் அந்தக் காலம் திரும்பும்.

மெல்லநட:

ஒவ்வொருவரையும் அனுப்பச் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். பயிற்சி முடிந்த அன்று களைத்து, ஒரு நாள் ஓய்வில் தெளிந்து, அடுத்த வாரம் அதே வேலை லேசாகத் தெரிகிறவர் உங்கள் ஆள். தாமதமாகச் சாய்ந்து, நாள்கணக்கில் எழாமல், அடுத்த முறை முன்னைவிடக் குறைவாகவே செய்ய முடிகிறவர் என் ஆள். இருவரும் "களைப்பு" என்றுதான் சொல்வார்கள். கேட்டால்தான் தெரியும்.

இயன்முறைக்காரி:

இதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் எங்கள் பிரிவில் கேட்கும் கேள்விகளில் இதைச் சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

நெடுவழி சார், உங்களுக்கும் எனக்கும் மிச்சமுள்ள சண்டையைச் சோதனைக்கு விடலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் தசை வலிமை குறைந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது முதியோர் மருத்துவத்தில் உள்ள வரையறை. அப்படிப்பட்டவருக்கு நான் எந்த நோயானாலும் காலிலிருந்துதான் தொடங்குவேன். 1990-இல் ஃபியட்டரோன் குழு 90 வயதை ஒட்டியும் தாண்டியும் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பளுப் பயிற்சி கொடுத்தது. வலிமை இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நடக்கும் வேகம் பாதியளவு கூடியது. நடைப் பயிற்சி கொடுக்காமலே.

நெடுவழி:

15 நொடிக்கு மேல் ஆகிறவருக்கு நாற்காலி முதலில், ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே உள்ளவர்கள்தான் என் குழுவில் பெரும்பாலோர். கால் நன்றாக இருக்கிறது, மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு நடைதான் முதலில் என்பதில் மாற்றமில்லை. பளுவை வாரம் இரண்டு நாளாகப் பின்னால் சேர்ப்பேன்.

இயன்முறைக்காரி:

பின்னால் என்பது எத்தனை வாரம் என்று எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அது வரவே வராது. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறது.

அந்த மாத்திரை பீட்டா பிளாக்கரா (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) என்றும் கேளுங்கள். ஆம் என்றால் 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் காணும் கணக்கை அவர்களுக்குப் போடாதீர்கள். துடிப்பு அந்த எண்ணுக்கு ஏறவே ஏறாது, எட்ட வேண்டும் என்று தங்களைத் தாங்களே விரட்டுவார்கள். உழைப்பு எவ்வளவு கடினமாகப் படுகிறது என்பதற்கான போர்க் அளவுகோலில் 6 முதல் 20 வரை தாங்களே எண் சொல்லட்டும், 12, 13-இல் நிற்கட்டும். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் அது. கைக்கடிகாரத்தில் வைத்திருக்கிற துடிப்பு அலாரத்தை நாளைக்கே அணைக்கச் சொல்லுங்கள்.