சொந்தபந்தம் குரூப்: அத்தைக்கு ஹெச் பைலோரி டெஸ்ட்

கடலூர் மாமா: உங்க அத்தைக்கு வியாழக்கிழமை எண்டோஸ்கோபி. ஹெச் பைலோரிங்கற இரைப்பைக் கிருமிக்கான டெஸ்டும் சீட்டுல எழுதியிருக்காங்க. முன்னாடி எதாவது பார்த்துக்கணுமா?

லாஸ்பேட்டை லேப் அக்கா: மாமா, அத்தை வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடுறாங்களா?

கடலூர் மாமா: தினமும் பான்டோபிரசோல் 40ம்மா.

லாஸ்பேட்டை லேப் அக்கா: அது டெஸ்டுக்கு 14 நாள் முன்னாடியே நின்னிருக்கணும். ஆன்டிபயாடிக்னா 28 நாள். இல்லேன்னா கிருமி இருந்தும் நெகட்டிவ்னு வந்துடும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டருக்கு இப்பவே போன் போட்டு மாத்திரை ஓடுதுன்னு சொல்லிடுங்க. மலம் கறுப்பா போனா மட்டும் ஸ்கோப்பியைத் தள்ளிப்போடவே கூடாது.

மெடிக்கல் அண்ணன்: அந்த மாத்திரை கிருமியோட எண்ணிக்கையைக் குறைச்சிடும். மிச்சம் இருக்கறது இரைப்பையோட கீழ்ப்பக்கத்தை விட்டு மேல ஏறிடும். அதான் கீழ ஒண்ணு, மேல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல சதை எடுக்கறது நல்லது.

காலேஜ் தங்கச்சி: அக்கா, 2005 நோபல் இதுக்குத்தானே? ஒரு டாக்டர் கிருமியைக் குடிச்சு அல்சர் வரவழைச்சாரே?

லாஸ்பேட்டை லேப் அக்கா: பேரி மார்ஷல். குடிச்சது 1984-ல. ஆனா அல்சர் வரலடி, பத்தாம் நாள் ஸ்கோப்பியில இரைப்பை அழற்சிதான் இருந்துது. என்னைக் கேட்டா அதைவிடப் பெரிசு 1982 ஈஸ்டர். ஆஸ்திரேலியாவுல பெர்த் ஆஸ்பத்திரியில ராபின் வாரன்ங்கற டாக்டர் 1979-லயே வளைஞ்ச கிருமியை மைக்ரோஸ்கோப்புல பார்த்துட்டார். லேப்ல கிருமி வளர்க்கற பிளேட்டுல மட்டும் வளர மாட்டேங்குது. 34 பேரோட சாம்பிள் வீணாப் போச்சு. 48 மணி நேரத்துல ஒண்ணும் தெரியலைன்னா லேப்ல பிளேட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க, அதுதான் காரணம். ஈஸ்டர் லீவுல 35-வது ஆளோட பிளேட் இன்குபேட்டர்லயே கிடந்துது. லீவு முடிஞ்சு பார்த்தா காலனி, அதாவது கிருமி கூட்டமா வளர்ந்திருக்கு!

மெடிக்கல் அண்ணன்: மெதுவா வளர்ற கிருமி அது. 37 டிகிரி, நல்ல ஈரம், ஆக்சிஜன் 5 சதவீதம் போதும். 3 நாள்லேர்ந்து 7 நாள் ஆகும்.

லாஸ்பேட்டை லேப் அக்கா: அதனாலதான் ஸ்கோப்பி ரூம்ல யூரியேஸ் டெஸ்ட் பண்றாங்க. மஞ்சள் ஜெல்லுக்குள்ள யூரியாவும் பீனால் ரெட்ங்கற நிறம் மாறுற சாயமும் இருக்கும். சதையை உள்ள அழுத்தி வச்சா கிருமி யூரியாவை உடைச்சு அம்மோனியா விடும், மஞ்சள் ரோஸ் ஆகும். 24 மணி நேரம் தாண்டி நிறம் மாறினா எடுத்துக்கக் கூடாது, வேற கிருமியும் அதைப் பண்ணும். ஜெல்லுக்கான சதையை முதல்ல எடுத்துடணும். சதையைப் பதப்படுத்தற ஃபார்மலின் பாட்டில்ல பட்ட ஃபோர்செப்ஸ் இடுக்கியால திரும்ப எடுத்தா டெஸ்ட் கெட்டுப்போகும்.

கடலூர் மாமா: பாசிட்டிவ் வந்தா?

மெடிக்கல் அண்ணன்: வழக்கமா 14 நாள் மருந்து மாமா, அதுல ரெண்டு ஆன்டிபயாடிக்காவது இருக்கும். நாலாம் நாளே எரிச்சல் போயிடுச்சுன்னு அத்தை நிறுத்திடக் கூடாது. பாதியில விட்டா மிஞ்சற கிருமி அந்த மருந்துக்கு அடங்காமப் போயிடலாம். முடிச்சு 4 வாரம் கழிச்சு மூச்சு டெஸ்ட், இல்லேன்னா மல டெஸ்ட். ரத்த டெஸ்ட் உதவாது, கிருமி போயும் ஆன்டிபாடி மாசக்கணக்குல நிக்கும்.

கடலூர் மாமா: டாக்டர்கிட்ட பேசிட்டேன். மாத்திரையை நிறுத்திட்டு 14 நாள் கழிச்சு வரச் சொல்லிட்டார். நடுவுல எரிஞ்சா?

லாஸ்பேட்டை லேப் அக்கா: டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆன்டாசிட் சிரப் குடுங்க, அது டெஸ்டைக் கெடுக்காது. பிஸ்மத் இருக்கற மருந்து ஆகாது. கடையில வேற கேஸ் மாத்திரை குடுத்தா அட்டையைத் திருப்பிப் பாருங்க மாமா, பேரு "பிரசோல்"னு முடிஞ்சா அதே வகைதான்.