ஏஐ எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகும் பிழைகள் தப்புகின்றன: சரிபார்க்கும் முறையில் எதை மாற்றுவது?

வரைவுமேசை கேட்டது:

எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஏஐ-யிடம் மூன்று வேலைகளைக் கொடுக்கிறோம்: நீளமான ஒப்பந்தங்களைச் சுருக்குவது, சப்ளையர்கள் அனுப்பும் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு ஒருவரைப் பரிந்துரைப்பது, மாத அறிக்கையின் முதல் வரைவு. வெளியே போகும் எதையும் மூத்தவர் ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அனுப்புகிறோம்.

அப்படியும் கோட்டை விடுகிறோம். தப்புபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தவறான எண்: லாப விகிதம் 12 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானால், வரைவில் "லாப விகிதம் 3 சதவீதம் உயர்ந்தது" என்று வருகிறது. இன்னொன்று, ஒப்பந்தச் சுருக்கத்தில் முக்கியமான நிபந்தனை இல்லாமலே போவது. உதாரணமாக, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை.

இப்போதைக்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. "கவனமாகப் படிக்கவும்" என்று சுற்றறிக்கை, ஏஐ-யிடமே "இது சரிதானா?" என்று மறுபடி கேட்பது, ஒவ்வொரு பதிலுக்கும் நம்பிக்கைச் சதவீதம் போடச் சொல்வது. எதிலும் பலன் இல்லை. இரண்டாவதாக ஒருவரையும் படிக்க வைத்தால் சரியாகுமா, அல்லது முறையையே மாற்ற வேண்டுமா?

தராசுமுள்:

முறையைத்தான் மாற்ற வேண்டும். இதைப் படிப்பவரின் அசட்டை என்று எடுத்துக்கொண்டால் தீர்வே கிடைக்காது. இயந்திரத்தின் பதிலை முதலில் பார்த்துவிட்டு அதன் மேல் தீர்ப்புச் சொல்ல உட்காரும் எவருக்கும் இது நேரும். தானியங்கிச் சார்பு என்பார்கள். விமானி அறைத் தானியங்கிகளை வைத்து 1990களில் நடந்த ஆய்வுகளே இதை இரண்டாகப் பிரித்துவிட்டன: கருவி எச்சரிக்கவில்லை என்பதால் கவனிக்காமல் விடுவது ஒன்று, மற்ற அளவிகள் மறுத்தும் கருவி சொன்னதையே செய்வது இன்னொன்று. உங்கள் விடுபட்ட நிபந்தனை முதல் வகை, தவறான எண் இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து செல்லாது.

மூத்தவர் பார்க்கிறார் என்பது போதுமான காவல் அல்ல. ரேடியாலஜி இதழில் 2023-இல் வந்த ஓர் ஆய்வில் 27 கதிரியக்க மருத்துவர்கள் 50 மார்பக எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டார்கள். ஏஐ தந்ததாகக் காட்டப்பட்ட வகைப்பாடு சரியாக இருந்தபோது எல்லா அனுபவ நிலையினரும் 80 சதவீதத்தை ஒட்டிச் சரியாகச் சொன்னார்கள். அது தவறாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். மிகுந்த அனுபவசாலிகளும் 45 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றார்கள்.

விலைப்புள்ளி வேலையில் வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஏஐ-யின் பரிந்துரையைத் திறக்கும் முன் ஒப்புதல் தருபவர் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: அளவுகோல்களும் எடையும் (விலை 50, டெலிவரி 30, உத்தரவாதம் 20 என்பது போல), தன் தேர்வு, எந்தத் தகவல் கிடைத்தால் அந்தத் தேர்வை மாற்றுவார் என்பது. ஐந்து நிமிட வேலை. பிறகு ஏஐ சொன்னதைத் திறந்து, வேறுபடும் இடங்களை மட்டும் விவாதிக்கலாம்.

எடையை முன்பே எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. பரிந்துரையைப் பார்த்த பிறகு எழுதினால், அந்தப் பரிந்துரைக்கு ஏற்றபடி எடைகள் தானாக வளைந்துகொடுக்கும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சுழல்சக்கரச் சோதனை இருக்கிறது. 10-இல் நின்ற சக்கரத்தைப் பார்த்தவர்கள் ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கை 25 சதவீதம் என்றார்கள். 65-இல் நின்றதைப் பார்த்தவர்கள் 45 என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண்ணே அவ்வளவு இழுக்கிறது. நேர்த்தியான வாக்கியங்களும் காரணங்களும் சேர்ந்து வரும் எண்ணை உதறுவது எளிதா?

எண்களைப் பொறுத்தவரை படிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். வரைவில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூலக் கோப்பின் ஷீட் பெயரும் செல் எண்ணும் வர வேண்டும். வராத எண்ணை அடித்துவிடலாம். கூட்டல், சராசரி, வளர்ச்சி விகிதம் எதையும் ஏஐ கணக்கிட வேண்டாம். அது ஃபார்முலாவை எழுதட்டும், கணக்கை எக்செல் போடட்டும். 12-லிருந்து 15 ஆவது 3 சதவீதப் புள்ளிகள், அல்லது 25 சதவீத உயர்வு. எதை எப்போது எழுதுவது என்று ஒரு வரி விதி இருந்தால் அந்தப் பிழைக்கு இடமே இருக்காது. கோப்பில் எத்தனை வரிசைகள், அவற்றில் எத்தனையை ஏஐ எடுத்துக்கொண்டது என்பதையும் ஒப்பிடுங்கள். பாதி தரவை மட்டும் படித்துவிட்டு முழு அறிக்கை எழுதிவிடும்.

மறுகணக்கு:

இரண்டாவது ஆள் பற்றி: முதல் ஆளின் ஒப்புதலைப் பார்த்த பிறகு அவர் படித்தால் பயன் மிகக் குறைவு. "அவர் பார்த்துவிட்டார்" என்று இவரும், "இவர் பார்ப்பார்" என்று அவரும் தளர்ந்துவிடுவார்கள். இரண்டாமவரிடம் வரைவைக் கொடுக்காதீர்கள். மூல ஆவணத்தையும் ஐந்து கேள்விகளையும் கொடுங்கள். அவர் தனியாகத் தரும் விடைகளை வரைவோடு ஒப்பிடலாம்.

தராசுமுள் தொடாத ஒன்று, பிழையின் அரிதுத்தன்மை. ஏஐ பெரும்பாலும் சரியாகச் சொல்வதே இங்கே ஆபத்தாகிறது. 2005-இல் நேச்சர் இதழில் வந்த காட்சித் தேடல் ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம் தவறவிட்டார்கள். அதே பொருள் நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறவிட்டார்கள். அரிதாக வருவதைத் தேடும்போது "இல்லை" என்று சீக்கிரமே முடிவு செய்துவிடுகிறோம். ஆகவே கருவி மேம்பட மேம்பட, மிச்சமிருக்கும் பிழைகள் கண்ணில் படுவது குறையும்.

விமான நிலைய எக்ஸ்ரே சோதனையில் இதற்கு ஒரு வழி உண்டு: பயணிகளின் பைகளுக்கு நடுவே ஆயுதத்தின் பொய்ப் படத்தை அவ்வப்போது திரையில் காட்டுவார்கள். நீங்களும் செய்யலாம். 20 வரைவுகளுக்கு ஒன்றில் ஒரு பிழையை வேண்டுமென்றே நுழையுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, சரியான மதிப்பு என்ன என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். ஒப்புதல் வந்த உடனே, வெளியே போகும் முன் பதிவேட்டைப் பார்த்துப் பிழையை நீக்குவது ஒரே ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். அந்தக் கதவு இல்லையென்றால் இந்த உத்தியைத் தொடவே வேண்டாம், நட்ட பிழையே வெளியே போய்விடும். யார் எவ்வளவு பிடித்தார் என்பதைச் சம்பள மதிப்பீட்டில் சேர்க்கவும் கூடாது. சேர்த்தால் நட்ட பிழையை வேட்டையாடுவார்கள், மற்றதை விட்டுவிடுவார்கள்.

மாதிரி எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 30 வரைவைச் சோதித்ததில் ஒரு பிழையும் இல்லை என்றால் பிழை விகிதம் சுழியம் என்று பொருளல்ல. 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுங்கள்: 3/30, அதாவது 10 சதவீதம் வரை பிழை இருக்க இன்னும் இடமுண்டு (95 சதவீத நம்பிக்கை அளவில்). ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல, 300 வரைவுகள் பிழையின்றித் தேற வேண்டும்.

ஓரக்குறிப்பு:

விலைப்புள்ளிக்கு "முதலில் நீங்கள் எழுதுங்கள்" பொருந்தும். ஒப்பந்தச் சுருக்கத்துக்குப் பொருந்தாது. 60 பக்கத்தை முதலில் தானே படித்துச் சுருக்கினால் ஏஐ எதற்கு? ஆனால் சுருக்கத்தை எத்தனை முறை படித்தாலும் விடுபட்டது தெரியாது. இல்லாததைக் கண் எப்படிப் பார்க்கும்?

அதனால் சுருக்கம் கேட்பதற்கு முன் பட்டியல் வேண்டும். காலம், விலகல் தொகை, தானாகப் புதுப்பித்தல், விலை உயர்வு, தாமத அபராதம், பொறுப்பு வரம்பு, ரகசியத்தன்மை, தகராறு எங்கே தீர்க்கப்படும் என்று உங்கள் வேலைக்கு ஏற்ற பத்துப் பன்னிரண்டு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூல வாக்கியத்தை அப்படியே, பிரிவு எண்ணோடு தரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். தந்த வாக்கியத்தை மூலத்தில் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பிரிவை முழுதாகப் படிக்க வேண்டும். "இல்லை" என்று வந்தவற்றில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்: விலகல், முடிவுக்குக் கொண்டுவருதல், ரத்து என்று மூன்று சொற்களிலாவது தேடுங்கள். இணைப்புகளையும் அடிக்குறிப்புகளையும் விடாதீர்கள்.

ஏஐ-யிடமே "சரிதானா?" என்று கேட்பது சரிபார்ப்பே ஆகாது. நியூயார்க்கில் 2023-இல் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர், அவை உண்மையானவையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். உண்மை என்றது. 5,000 டாலர் அபராதம். இன்னொரு பக்கம், கேட்பவரின் சாய்வைப் பார்த்து ஆமாம் போடும் குணமும் இந்த மாடல்களுக்கு உண்டு. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாடலின் புதுப்பிப்பு ஒன்றை அளவுமீறி முகஸ்துதி செய்கிறது என்று திரும்பப் பெற்றது. "ஏ சப்ளையர் நல்லவர்தானே?" என்று கேட்டால் ஆம் வரும், "ஏ-யில் சிக்கல் இருக்குமோ?" என்றால் சிக்கல் வரும். புதிய உரையாடலைத் திறந்து, உங்கள் விருப்பத்தைச் சொல்லாமல், இருவரையும் வரிசை மாற்றி இரண்டு தடவை கேளுங்கள். பதில் மாறினால் அந்தப் பரிந்துரையை ஒதுக்கிவிடலாம்.

நம்பிக்கைச் சதவீதமும் மற்ற சொற்களைப் போல அது எழுதும் சொல்தான். "90 சதவீதம்" என்று சொன்ன பதில்களில் நூறைச் சேர்த்து எத்தனை சரி என்று எண்ணிப் பாருங்கள். எழுபதுதான் சரி என்றால் அந்தச் சதவீதத்தையே அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரைவுமேசை:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். முதலில் தாங்களே எழுத வேண்டும் என்றால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பதில், ஒவ்வொரு பரிந்துரைக்கும் காரணங்களை விரிவாகத் தரும்படி ஏஐ-யிடம் கேட்டுக்கொண்டால் போதாதா?

தராசுமுள்:

போதாது. 2021-இல் புசின்ஜாவும் சக ஆய்வாளர்களும் இதையே சோதித்தார்கள். பயனரை முதலில் யோசிக்க வைக்கும் தடைகள், வெறும் விளக்கம் தருவதைவிட அதிகமாக, ஏஐ மீதான அதீத நம்பிக்கையைக் குறைத்தன. ஆனால் அதிகம் குறைத்த வடிவங்களே பயனர்களுக்குக் குறைவாகப் பிடித்தன. நீங்கள் சொல்லும் முகச்சுளிப்பு அங்கேயும் பதிவாகியிருக்கிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். பணம் கைமாறுவது, கையெழுத்தாவது, அனுப்பிய பின் திரும்பப் பெற முடியாதது: இந்த மூன்றுக்கு மட்டும் கட்டாயமாக்குங்கள். கூட்டக் குறிப்புக்கும் உள் மின்னஞ்சலுக்கும் ஒரு பார்வை போதும்.

ஒவ்வொரு தேர்விலும் ஓர் அட்டவணையின் மூன்று பத்திகளை (நெடுவரிசைகளை) நிரப்பச் சொல்லுங்கள்: ஒப்புதல் தருபவரின் முதல் தேர்வு, ஏஐ-யின் தேர்வு, இறுதித் தேர்வு. மாதக் கடைசியில் எண்ணுங்கள். முதல் பத்தியும் இரண்டாம் பத்தியும் எப்போதுமே ஒன்றாக இருந்தால், யாரோ ஏஐ-யின் பதிலைப் பார்த்துவிட்டு முதல் பத்தியை நிரப்புகிறார்கள். முதல் பத்தியைப் பூட்டிய பிறகே பரிந்துரை திறக்கும்படி கோப்பை அமையுங்கள்.