கொடைக்கானலும் ஊட்டியும் சகோதர நகரமானா என்ன?

மேல்மலைவாசி: சென்னையும் அமெரிக்காவுல இருக்கிற டென்வரும் 1984லயே சகோதர நகரம் (ரெண்டு ஊரு நட்பா கைகோத்து அனுபவத்த பகிர்ந்துக்கிற ஏற்பாடு), அப்புறம் 2008ல சான் ஆன்டோனியோவும் சேந்துச்சு. கடல் தாண்டி கைகோக்கிறப்போ கொடைக்கானல் நகராட்சியும் ஊட்டி நகராட்சியும் ஏன் அப்படி சேரக்கூடாது? ரெண்டுக்கும் ஒரே தலைவலிதானே, மே மாசம் கூட்டம், டிராஃபிக், குப்பை, தண்ணி.

குன்னூர் டீ: நல்ல யோசனை ப்ரோ, ஆனா மாலை மரியாதை, போட்டோ, டூர்னு முடிஞ்சிரக்கூடாது. எங்க மாவட்டத்துல பாட்டில் தண்ணிய தடுத்துட்டு வாட்டர் ஏடிஎம் வச்சாங்க. மெஷின் வைக்கிறது சுலபம், ஃபில்டர் மாத்துறது யாரு, காசு எந்த கணக்குல வருதுன்னுதான் ஒரு ஊரு இன்னொரு ஊருகிட்ட கேக்கணும். அதனால தலைவருங்க வேணாம், சுகாதார ஆய்வாளரையும் குழாய் திறந்து விடுறவரையும் ஒரு வாரம் மாத்தி அனுப்புங்க, அவங்களுக்குத்தான் எந்த வால்வு எங்க இருக்குன்னு தெரியும்.

பழனி அடிவாரம்: ஏற்கனவே பாதி ஜோடிதாங்க. ஐகோர்ட் உத்தரவுல, வெளியூர் வண்டிங்க மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்கிற இ-பாஸ் 2024 மே 7ல ரெண்டு ஊருக்கும் சேந்துதான் வந்துச்சு. அந்த வண்டி கணக்க வச்சே எந்த நாளைக்கு எத்தனை குப்பை வண்டி வேணும்னு ரெண்டு பேரும் உக்காந்து போடலாமே.

மேல்மலைவாசி: குன்னூர் அண்ணே, குழாய்க்காரர அனுப்புற ஐடியா சூப்பர். ஆனா அவரு ஒரு வாரம் ஊட்டி போயிட்டா இங்க தண்ணி யாரு விடுவா 😄 சீசன் முடிஞ்சு அனுப்பலாம். வார்டு கவுன்சிலர்கிட்ட மனு எழுதப்போறேன், யாராச்சும் கூட கையெழுத்து போடுறீங்களா?